ஒற்றைக் காய், இரட்டைக் காய்

என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு காலி மாத்திரை அட்டைகள் இருக்கும். மாத்திரை தீர்ந்துபோன வெற்று அட்டைகள். துவைக்கப் போடும்போது என் மனைவி அவற்றை எடுத்து டிவி மேசைமேல் வைப்பாள். மறுநாள் காலையில் சட்டை மாற்றியதும் நான் முதலில் தேடுவது அவற்றைத்தான். கண்ணாடிகூட அப்புறம்தான். எனக்குச் சர்க்கரையும் கிடையாது, பிரஷரும் கிடையாது. எழுபத்திரண்டு வயதில் ஏலக்காய் மூட்டையின் ஒரு பக்கத்தை இன்றைக்கும் தனியாகத் தூக்கி நகர்த்துவேன். சந்தேகம் உள்ளவர்கள் போடிக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த அட்டைகள் வேறு இருவருடையவை. அவை எப்படி என் பைக்கு வந்தன என்பதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். போடியில் மூட்டை தூக்கித்தான் என் பிழைப்பு தொடங்கியது. இன்றைக்கு மலைமேல் கேரள எல்லையான போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம், கீழே காய் தரம் பிரிக்கிற கடை, சொந்தமாக ஒரு ஜீப்பு. இதில் ஒரு சாணும் எனக்கு யாரும் எழுதிவைத்தது இல்லை. தமிழ் எழுத்தை நாற்பது வயதுக்கு மேல் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து மறுபடி பழகிக்கொண்டேன். இங்கிலீசு மட்டும் பிடிபடவில்லை. ஏலத்தில் நம்பர் தெரிந்தால் போதும், எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இந்த மலையில் என் ஜீப்பை அறியாதவர்கள் இல்லை. கை காட்டினால் நிற்கும். அது ஏறினாலும் இறங்கினாலும் எனக்காக மட்டும் போகாது. மேலே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட், கண்ணாடிக்குப் புதிய கால், பள்ளிக்கூட நோட்டு, போனுக்கு சார்ஜர், ஒரு தடவை ஒரு வீட்டுக்குச் சாமி படம் என்று எல்லாம் அதில் ஏறும். யாரிடமும் கூலி வாங்கியதில்லை. சொல்லப்போனால் அவர்கள் கேட்பதற்கு முன்பே நானே கேட்பேன்: “கீழ போறேன், எதுவும் வேணுமா?” இந்தக் கேள்வியைக் கேட்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அப்படி நான் மாதாமாதம் கொண்டுபோனவற்றில் முக்கியமானது இரண்டு பேருடைய மாத்திரை. ஒருவர் என் தோட்டத்து ஸ்டோரின் காவல்காரர். பச்சைக் காயை உலர்த்துகிற கட்டிடத்தைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். அவர் அங்கேயே ஒரு அறையில் தனியாக இருக்கிறார். உலைக்கு விறகு போடுவதும் காயைக் காவல் காப்பதும் அவர் சோலி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். முன்பு மூட்டையின் ஒரு பக்கத்தை நான் பிடித்தால் மறுபக்கத்தை அவர்தான் பிடிப்பார். நாலு பேர் முன்னால் என்னை மொதலாளி என்பார். ஆள் இல்லாதபோது தம்பி என்பார். அவருக்குப் பிரஷர். இன்னொருவர் காய் எடுக்கிற பெண்களில் மூத்த அம்மா, ஐம்பது வயதுக்காரர், லயத்தில் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை.

டாக்டர் எழுதிய சீட்டுகள் போடி மருந்துக்கடையில் இருக்கின்றன. நான் போய் நின்றால் கடைக்காரர் இரண்டு காகித உறைகளில் போட்டு, “இது பிரஷரு, இது சுகர்” என்று தனித்தனியாக என் கையில் தருவார். உறைமேல் இங்கிலீசில் என்னவோ கிறுக்கியிருக்கும். காவல்காரருக்கு எந்த எழுத்தும் தெரியாது; அந்தம்மாவுக்கும் அப்படித்தான். பேனாவால் தமிழில் எழுதினாலும் வேர்வையில் அழிந்துவிடும். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஏலத்துக்குச் சாம்பிள் காய் போடுகிற சின்ன பிளாஸ்டிக் கவர் என் கடையில் ஏராளமாகக் கிடக்கும். காகித உறையை மடித்து அந்தக் கவருக்குள் வைத்து, கூடவே ஏலக்காய் போட்டுவிடுவேன். ஒற்றைக் காய் என்றால் காவல்காரருக்கு. இரட்டைக் காய் என்றால் அந்தம்மாவுக்கு. இருட்டில் தடவினால்கூடத் தெரியும். படித்தவன் எவனுக்கும் இது தோன்றியிருக்காது என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை என் காய் ஏலத்துக்கு வந்திருந்ததால் நான் மேலே போக முடியவில்லை. என் ஜீப்பு டிரைவரும் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். அதனால் விடியற்காலையில், வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புகள் நிற்கிற இடத்துக்கு இரண்டு கவர்களையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த டிரைவர்களில் ஒருவனுக்கு என் தோட்டம் வழிதான்; நான் போக முடியாத மாதங்களில் அவன் கையில்தான் கொடுத்தனுப்புவேன். டீக்கடைப் பெஞ்சில் கவர்களை வைத்துவிட்டு ஒரு வாய் டீ குடித்திருப்பேன். ஒரு பெண் தூக்குச்சட்டியையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏற முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். எழுந்துபோய் அவற்றை வாங்கிக்கொண்டு, அவர் உட்கார்ந்ததும் கொடுத்தேன். பிறகு பெஞ்சுக்கு வந்து கவர்களை எடுத்து டிரைவரிடம் தந்து, வழக்கம்போலச் சொன்னேன்: “ஒத்தைக்காய் ஸ்டோருக்கு, ரெட்டைக்காய் லயத்துக்கு.” அவனும் வழக்கம்போல, “தெரியும் மொதலாளி” என்றான்.

ஏலம் நல்லபடியாக முடிந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடையில் சாய்ந்திருந்தேன். மூன்றரை மணி இருக்கும். சிலமலை ஊர்க்காரர் ஒருவர் வந்தார்; காய் வியாபாரத்தில் புரோக்கர், எனக்கு மாப்பிள்ளை முறை. சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“என்ன மாமா, நல்ல காயையெல்லாம் ஏலத்துக்குக் கொண்டாராம ஒளிச்சு வச்சிருக்கீக போல?”

“எந்தக் காய மாப்ளே?”

“காலைல டீக்கடைப் பெஞ்சுல சாம்பிள் வச்சிருந்தீகளே. பச்சைன்னா பச்சை, அப்படி ஒரு பச்சை. எட்டு எம்எம் இருக்கும். எத்தன மூட்டை இருக்கு? ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கப்பிடாது. சாம்பிள்னு ஒத்தக் காயவும் ரெண்டு காயவும் வச்சா எவன் மதிப்பான்? இம்புட்டுக் கஞ்சத்தனமா?”

எனக்கு உடனே புரியவில்லை. ஏலக்காய் ஊரில் சாம்பிள் கவரைக் கண்டால் கையை விடாதவர் கிடையாது. யார் கவராக இருந்தாலும் திறப்பார்கள், உள்ளங்கையில் கொட்டுவார்கள், மோந்து பார்ப்பார்கள், மறுபடி போட்டுவிடுவார்கள். நானே ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். யாரும் கேட்க மாட்டார்கள். அது எங்கள் கைக்கு வந்த பழக்கம். அந்தக் கவரில்தான் நான் மாத்திரையை வைத்திருந்தேன். இரண்டு வருடமாக இது எனக்கு உறைக்கவே இல்லை.

“கொட்டிப் பாத்தியா?” என்றேன்.

“பாக்காம? மூணையும் உள்ளங்கைல கொட்டித்தான் பாத்தேன். ஒரே காயா, வேற வேறயான்னு தெரியணும்ல?”

“திருப்பிப் போட்டியா?”

“போட்டேன் மாமா. உங்க காய நான் என்ன தின்னா போட்டேன்?”

“எதுல எதப் போட்ட?”

“ஒண்ணுல ஒண்ணு, இன்னொண்ணுல ரெண்டு.”

“எதுல ஒண்ணுடா, எதுல ரெண்டு?”

அவர் சிரிப்பு நின்றது. “அதெப்படி மாமா ஞாபகம் இருக்கும்? எல்லாம் ஒரே காய்தானே. உள்ள ஏதோ காகிதம் மடிச்சிருந்துச்சு, ஏல லாட்டு நம்பர் சீட்டாக்கும்னு நெனச்சேன்.”

மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். சர்க்கரை இல்லாதவர் அந்தச் சர்க்கரை மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. நாக்கு வரவில்லை.

“வயசானவரா?” என்றார்.

“ஆமா.”

“ரத்தத்துல சர்க்கரை எறங்கிரும்யா. வேர்க்கும், கை நடுங்கும், மயக்கம் போடும். பக்கத்துல ஆள் இருந்தா சீனியக் கரைச்சுக் குடுத்துட்டு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாம். தனியா இருந்தா ரொம்பச் சிக்கல். யாரும் போட்டுட்டாகளா?”

“சும்மா கேட்டேன்,” என்று வைத்துவிட்டேன். ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காவல்காரர் ஆறு மணிக்குச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் மாத்திரை. அதற்குப் பிறகு உலைக்கு விறகு திணித்துவிட்டு அறைக்குள் போய்விட்டால் மறுநாள் காலைவரை அவர் முகத்தைப் பார்க்க ஆள் இல்லை. பழைய மாத்திரை நேற்றோடு தீர்ந்திருக்கும். இன்றைக்குப் புதுசில்தான் கை வைப்பார்.

அவருக்குப் போன் போட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை. மழை பெய்தால் மேலே டவர் படுத்துவிடும். அந்தம்மாவிடம் சொந்தமாகப் போன் இல்லை. கவரைக் கொண்டுபோன டிரைவர் கிடைத்தான், தோட்டத்தையும் தாண்டிப் பூப்பாறையில் வண்டி பழுதாகி நின்றிருந்தான்.

“குடுத்துட்டேன் மொதலாளி. காயத் தடவிப் பாத்துத்தான் குடுத்தேன். ஒத்தைக்காய் ஸ்டோர்ல, ரெட்டைக்காய் லயத்துல. ஏன், என்ன?”

அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான். ஒன்று, மாறாமல் போயிருக்கும். அல்லது மாறிப் போயிருக்கும். நாணயத்தைச் சுண்டிவிட்ட மாதிரி.

“வண்டிய எடு மாப்ளே,” என்றேன்.

கண் ஆபரேசன் ஆனதிலிருந்து நான் மலைரோட்டில் ஓட்டக்கூடாது என்று வீட்டில் கட்டளை. என் ஜீப்பை மாப்பிள்ளை ஓட்டினார். பக்கத்து மளிகைக்கடையில் ஒரு கிலோ சீனிப் பாக்கெட் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் கேட்டார், “என்ன மொதலாளி, பாயசமா?” சில்லறையைக்கூட வாங்காமல் வந்து ஏறினேன்.

முந்தலில் மலை ஏற்றம் தொடங்கியது. உண்மையைச் சொல்கிறேன். முதலில் என் மனதில் வந்தது காவல்காரர் முகம் இல்லை. என் பேர்தான் வந்தது. மாத்திரை கொடுத்து ஆளைக் கொன்றுவிட்டான் என்று டீக்கடையில் பேசுவது காதில் விழுந்தது. இத்தனை வருடம் ஏற்றி இறக்கிய ஆட்களில் எத்தனை பேர் எனக்காக வாயைத் திறப்பார்கள் என்று கணக்குப் பார்த்தேன். இரண்டு வளைவு ஏறின பிறகுதான், அந்த மனுசன் தன் அறையில் கட்டிலுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் விழுந்து கிடப்பது மாதிரி கண்ணில் தெரிந்தது. அதற்குப் பிறகு அது போகவே இல்லை.

மூன்றாவது வளைவில் ஒரு வயதான அம்மா சாக்கும் பையுமாக நின்று கை காட்டினார். என் ஜீப்பை அடையாளம் தெரிந்து சிரித்துக்கொண்டே ஒரு எட்டு ரோட்டுக்குள் வந்துவிட்டார். மாப்பிள்ளை பிரேக்கில் காலை வைத்தார்.

“நிறுத்தாத,” என்றேன்.

“மாமா, தூத்தல் விழுகுது—”

“நிறுத்தாதங்கிறேன்ல!”

அந்த அம்மா நீட்டிய கையை மடக்காமலே எங்கள் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். இந்த ரோட்டில் கை காட்டின ஆளை விட்டுவிட்டுப் போனது எனக்கு அது முதல் தடவை. ஒருவரைக் காப்பாற்றப் போகிற வழியில் இன்னொருவரை மழையில் விட்டுவிட்டுப் போகிறேன். எது சரி, எது தப்பு என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

“மாமா, நான் வேணும்னு செய்யல,” என்றார் மாப்பிள்ளை.

“தெரியும். ரோட்டப் பாரு.”

“நீங்க ஏன் மாமா சாம்பிள் கவருல மாத்திரையப் போட்டீக? ஊர்ல வேற கவரே இல்லையா?”

“ஏன் பேசுற? வெரசா போ.”

“வெரசா போனா நாம ரெண்டு பேரும் கீழ முந்தல்ல போய்த்தான் நிப்போம். அப்புறம் யாரு போய்க் காப்பாத்துறது?”

பதினோராவது வளைவில் பனி இறங்கியிருந்தது. பன்னிரண்டாவதில் வரிசையாக வண்டிகள் நின்றன. திரும்ப முடியாமல் ஒரு லாரி குறுக்கே சிக்கிக்கொண்டிருந்தது. மணி ஐந்தாக இருபது நிமிடம். நான் இறங்கிவிட்டேன்.

“எங்க மாமா போறீக?”

“நடக்கிறேன்.”

“இங்கேர்ந்தா? சீனிப் பாக்கெட்ட இடுப்புல கட்டிக்கிட்டு?”

நடந்திருந்தாலும் நடந்திருப்பேன். முன்னால் நின்ற பஸ்சைத் தாண்டிப் போய் லாரிக்காரனிடம் கத்தினேன். அவன் என்னைவிடச் சத்தமாகக் கத்தினான். நாலு பேர் சேர்ந்து கல்லை வைத்து, முன்னால் பின்னால் என்று நகர்த்தி, அது ஒதுங்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க நான் போனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பெண் குரல், அதே வாசகம். ஒரு தடவை அந்தக் குரலிடமே, “ஆத்தா, கொஞ்சம் கூப்பிட்டு விடேன்” என்று கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

போடிமெட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது மணி ஆறு அடித்துவிட்டது. வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

முதலில் லயத்துக்குப் போனோம். அந்தம்மா வீடு வெளியே கொக்கி போட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், “அக்கா அப்பமே மேல போச்சு” என்றாள். எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று அந்த நிமிடம் தோன்றியது. ஸ்டோருக்குப் போகிற பாதை சேறாகிக் கிடந்தது, ஜீப்பு ஏறவில்லை. சீனிப் பாக்கெட்டை இடுக்கிக்கொண்டு ஏறினேன். பாக்கெட் எங்கேயோ கிழிந்திருக்கிறது, வழியெல்லாம் சீனி கொட்டியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

வழக்கமாக ஸ்டோரின் புகைக்கூண்டில் இந்த நேரத்துக்குப் புகை வந்துகொண்டிருக்கும். அண்ணாந்து பார்த்தேன். ஒரே பனி. புகை இருக்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை. அவர் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் காலியாக இருந்தது. தரையில் தட்டு, அதில் பாதி சாப்பிட்ட சோறு. பக்கத்தில் நான் அனுப்பிய சாம்பிள் கவர், வாய் திறந்து காலியாக இருந்தது. ஒரு ஏலக்காய் உருண்டுபோய்ச் சுவரோரம் கிடந்தது.

“அண்ணே!” என்று கத்தினேன். நாற்பது வருடமாக நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“யாரு?” என்று உலைப் பக்கமிருந்து குரல் வந்தது. “மொதலாளியா? இந்நேரம் என்ன?”

சுற்றிக்கொண்டு ஓடினேன். உலை வாய்க்கு முன்னால், வெதுவெதுப்பில், அந்தம்மா ஒரு விறகுக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். காவல்காரர் விறகு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பக்கத்தில் கட்டன்சாயா, பால் ஊற்றாத டீ, இருந்தது.

“மாத்திரை போட்டாச்சா?” என்றேன்.

“போட்டாச்சே,” என்றார் அவர்.

அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். “எந்த மாத்திரை?”

“எம் மாத்திரைதான். பெறகு யாரு மாத்திரையப் போடுவாக? என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்க?” ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையே அவர் மறந்துவிட்டார்.

“மயக்கம் வருதா? வேர்க்குதா? கைய நீட்டு.”

“உலை முன்னாடி நின்னா வேர்க்காம?”

அந்தம்மா என்னையும், பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற மாப்பிள்ளையையும், கிழிந்த சீனிப் பாக்கெட்டையும் பார்த்தார். புரிந்துகொண்டார்.

“மாறித்தான் வந்துச்சு மொதலாளி,” என்றார் மெதுவாக. “அதான் சோறு தின்னுக்கிட்டிருந்த மனுசனப் பாதியில நிப்பாட்டி, நான் என் கவர எடுத்தாந்து மாத்திக் குடுத்தேன். அவுக போட்டது சரியான மாத்திரைதான். பயப்படாதீக.”

“மாறி வந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? உங்க ரெண்டு பேருக்கும்தான் எழுத்து தெரியாதே?”

அவர் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து ஒரு காலி அட்டையை எடுத்தார். “பழசத் தூரப் போடாம வச்சிருப்பேன். புதுசு வந்ததும் ரெண்டையும் ஒட்ட வச்சுப் பாப்பேன். பின்னாடி கோடு, எழுத்து, மாத்திரையோட நெறம் எல்லாம் ஒண்ணா இருக்கணும். ஒத்துப்போனா போடுவேன். இல்லாட்டி மேல ஏறி வந்து இவுககிட்ட மாத்திக்குவேன்.”

“இல்லாட்டின்னா? இதுக்கு முந்தியும் மாறியிருக்கா?”

அவர் அட்டையைச் சுருக்குப்பைக்குள் திருப்பி வைத்தார். காவல்காரர் ஒரு விறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சொல்லு ஆத்தா.”

“மூணு தடவ,” என்றார் அந்தம்மா.

“நாலு,” என்றார் காவல்காரர். “பொங்கலுக்கு முந்தி ஒண்ணு இருக்கு.”

மாப்பிள்ளை மெதுவாக என் காதில் சொன்னார்: “அதெல்லாம் நானில்ல மாமா. நான் இந்த ஒரு தடவதான் தொட்டேன்.”

நான்கு தடவை. யாரோ கொட்டிப் பார்த்திருக்கலாம். ஜீப்புக் குலுக்கலில் காய் வெளியே விழுந்து, டிரைவர் எடுத்துப் போட்டிருக்கலாம். நானே கை மறதியாக மாற்றிப் போட்டிருக்கலாம். தெரியவில்லை, இனியும் தெரியப்போவதில்லை. அந்த நான்கு தடவையும் நான் கீழே கடையில் உட்கார்ந்து, என் ஒற்றைக் காய், இரட்டைக் காய் ஏற்பாட்டை யாரிடமாவது பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?” என் குரல் கோபமாகத்தான் வந்தது.

“சொன்னா, எனக்கெதுக்குடா இந்தத் தொல்லைன்னு நீங்க நிப்பாட்டிட்டீகன்னா?” என்றார் அந்தம்மா. “ஒவ்வொரு மாசமும் நான் கீழ போய் வரணும்னா ஒரு நாச் சம்பளம் போயிரும். இவுகளால எறங்கவே முடியாது. அந்தப் பயந்தான்.” கொஞ்சம் நிறுத்தினார். “பெறகு, அந்தக் கவரக் குடுக்குறப்ப உங்க மூஞ்சியப் பாக்கணுமே மொதலாளி. ஒத்தைக்காயி, ரெட்டைக்காயின்னு சொல்றப்ப எம்புட்டுச் சந்தோசம். அதக் கெடுக்க மனசு வரல.”

“நான் சொல்லலாம்னுதான் சொன்னேன்,” என்றார் காவல்காரர். “இந்தப் பிள்ளைதான் வேண்டாம்னுச்சு. நமக்கு என்ன, பாத்துப் போட்டுக்குவோம்னுச்சு.”

நான்தான் அவர்களுக்கு உதவி செய்துவந்ததாக அதுவரை நினைத்திருந்தேன். இரண்டு வருடமாக அந்தப் பெண் வேலை முடிந்த காலோடு மேட்டில் ஏறி, என் தப்பைச் சரிசெய்து, எனக்குத் தெரியாமல் இறங்கிப் போயிருக்கிறார். என் முகம் வாடக்கூடாது என்று. ஆனாலும் என் வாய் பழக்கத்தில் அதிகாரமாக, “அண்ணனுக்கு அந்தச் சாயால சீனி போட்டுக் குடு. நீயும் போட்டுக் குடி, நனைஞ்சு வந்திருக்க” என்றது.

அவர் சிரித்துவிட்டார். “எனக்குச் சீனி ஆகாது மொதலாளி. அதுக்குத்தானே மாத்திரை கொண்டாறீக.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காவல்காரர் எனக்கும் ஒரு சாயா ஊற்றித் தந்தார்.

அன்றைக்கு இறங்கும்போது மாப்பிள்ளையிடம் மூன்றாவது வளைவில் மெதுவாகப் போகச் சொன்னேன். யாரும் இல்லை. அந்த அம்மா பஸ் பிடித்துப் போயிருப்பார், அல்லது வேறு ஜீப்பு ஏற்றிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் அவரை அதே ரோட்டில் பார்த்து நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். “அன்னிக்கு என்னைத் தெரியலையாக்கும்?” என்று கேட்டார். “அவசரம் ஆத்தா” என்றேன். “இருக்கட்டும், இருக்கட்டும்” என்றார். கோபமா, இல்லையா என்று அவர் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அதுதான் இப்போது எனக்குத் தொல்லை. அதற்குப் பிறகு நான் உதவி செய்த ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தேன். ஜாக்கெட் அளவு சரியா இருந்துச்சா? கண்ணாடிக் கால் நின்னுச்சா? அந்தச் சார்ஜர் உன் போனுக்குச் சேந்துச்சா? எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: “நல்லா இருந்துச்சு மொதலாளி.” முன்பு இந்தப் பதிலைக் கேட்டால் நெஞ்சு நிமிரும். இப்போது அவர்கள் கண்ணைப் பார்க்கிறேன். எத்தனை ஜாக்கெட்டை அவர்கள் பிரித்துத் தைத்துக்கொண்டார்களோ, எத்தனை சார்ஜர் பெட்டிக்குள் கிடக்கிறதோ. சொல்ல மாட்டார்கள். அவர்கள் என்னைவிட நல்லவர்கள்.

சாம்பிள் கவரை விட்டுவிட்டேன். அந்தம்மாவிடமும் காவல்காரரிடமும் ஆளுக்கொரு காலி அட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். மருந்துக்கடையில் புதிய அட்டையை வாங்கியதும் அங்கேயே நின்று பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கோடு, எழுத்து, நிறம். கடைக்காரர், “எம்மேல நம்பிக்கை இல்லையாய்யா?” என்கிறார். “உம்மேல இருக்குப்பா” என்கிறேன்.

மாத்திரையை யார் கையிலும் கொடுத்தனுப்புவதும் இல்லை. ஏலம் இருந்தாலும் நானே கொண்டுபோகிறேன். இரண்டு பேரையும் உலைப் பக்கம் உட்காரவைத்து அவர்கள் முன்னால் எடுத்து நீட்டுகிறேன். நான் இரண்டு முறை பார்த்தது, எனக்குத் தெரியும், சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்தம்மா சுருக்குப்பையிலிருந்து தன் பழைய அட்டையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பி, “ம், சரியா இருக்கு” என்று சொல்லும்வரை என் கையில் இருக்கிற கட்டன்சாயாவை நான் வாயில் வைப்பதில்லை.